பசியா, ஆசையா?

நானூறு பேருக்குச் சமைக்கிற இடத்தில் ஒருத்தி சாப்பாடில்லாமல் மயங்கி விழுந்தாள் என்றால் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. கண்ணெதிரே விழுந்தும் நம்பவில்லை. அதைவிட வெட்கக்கேடு, அந்தத் தொழிற்சாலைக்கு நான்தான் நர்ஸ். வாராவாரம் அவளுக்கு ஊசி போட்டது இந்தக் கைதான்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் அங்கே யாருக்கும் தெரியாது. தமிழ் பேசுகிறவர்களுக்கும் தெலுங்கு பேசுகிறவர்களுக்கும், சென்னைப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கும் அவள் கேண்டீன் அக்கா. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரத்தில், ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு ஒயர் கட்டுகிற ஒரு கம்பெனியின் கேண்டீன். அக்காவுக்குச் சத்தியவேட்டுக்கு அந்தப் பக்கம், எல்லையோரத்தில் ஒரு சின்னக் கிராமம். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். நல்ல உடம்பு. நீல ஏப்ரன், ரப்பர் செருப்பு, தலையில் காது வரை இழுத்துவிட்ட வெள்ளைத் துணிக் குல்லாய். கொண்டை அதற்குள் அடங்காமல் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நகரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தேன். மத்தியானம் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். அக்கா கரண்டியைச் சோற்றில் குத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"காலைல துன்னல நீ."

"சாப்பிட்டேங்க்கா," என்றேன். புது இடம், மரியாதைக்கு ஒரு பொய்.

"யார்கிட்ட? கண்ணு ரெண்டும் உள்ள போய்க்கினு கீது. டீயும் ரெண்டு பிஸ்கட்டும்தான உள்ள போச்சி?"

சரியாக ஒரு டீ, சரியாக இரண்டு பிஸ்கட். எப்படித் தெரிந்தது என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் மூன்றாவது கரண்டிச் சோற்றைக் கவிழ்த்து, "போ, ஒக்காந்து துன்னு. நின்னுக்கினு துன்னாத," என்று அடுத்த முகத்துக்குப் போய்விட்டாள்.

அவளுக்கு அது ஒரு வரம் மாதிரி. முகத்தைப் பார்த்தால் பசி தெரியும். யாருக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரத்துப் பசி, வீட்டில் சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்த பசியா, தூங்கிப்போய் பஸ்ஸுக்கு ஓடிவந்த பசியா, எல்லாம் சொல்லுவாள். சூளூர்பேட்டையிலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண் ஒரு நாள் மூன்றாவது முறையாகத் தட்டோடு வந்து நின்றாள். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்து, "இது ஒர்த்தி பசி இல்ல, ரெண்டு பேர் பசி. போயி நர்சம்மாவப் பாரு," என்று என்னிடம் அனுப்பிவிட்டாள். சோதித்துப் பார்த்தால் இரண்டு கோடு. அந்தப் பெண் வெட்கத்தில் சிரிக்கிறாள், படித்த நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

இரண்டாம் முறை வருகிற எல்லோரையும் அவள் ஒரு கேள்வி கேட்பாள். "பசியா, ஆசையா?"

பசி என்றால் கேள்வி முறையே இல்லை, தட்டு நிறையும். ஆசை என்றால், "அத்த நாளைக்குப் பாத்துக்கலாம், நவுரு." அப்பளத்துக்காகப் பசி என்று பொய் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. முகம் காட்டிக்கொடுத்துவிடும். திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தபடி போவார்கள்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள். "எங்கம்மா கேக்கும். எங்களுக்கு நெலமா நீச்சா? அடுத்தவங்க கொல்லில கடலக்கா புடுங்கப் போவும். சாய்ங்காலம் ஒரு குண்டான் களி. நைனா, அம்மா, நாங்க மூணு பேரு. கைய நீட்டினா கேக்கும், பசியா ஆசையான்னு. பசின்னா ஒரு உருண்ட. ஆசைன்னா முதுகுல ஒண்ணு. பசிக்காம துன்றவன் அடுத்தவன் சோத்தத் துன்றான்னு சொல்லும்." சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கிற விஷயமா அது? அன்றைக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒருத்தரும் பார்த்ததில்லை. எல்லோரும் சாப்பிட்டு, அண்டா குண்டான் கழுவி, ஆட்கள் வெளியே போன பிறகு, சாமான் அறையில் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாளாம். அது எங்களுக்கு வினோதமாகப் படவே இல்லை. சமைக்கிறவள் கடைசியில்தானே சாப்பிடுவாள், எந்த வீட்டில் வேறு மாதிரி?

முழங்கால் வலி அவளை உட்கார விடாமல், நிற்கவும் விடாமல் படுத்தியது. சர்க்கரை வேறு, அதற்கு ஏற்கெனவே தினமும் மாத்திரை. எடை குறையாவிட்டால் கால் அறுவை சிகிச்சை வரைக்கும் போகும் என்று திருப்பதியில் ஒரு டாக்டர் சொல்லி, வாரம் ஒரு ஊசி எழுதிக்கொடுத்தார். பேனா மாதிரி இருக்குமே, வயிற்றில் வைத்து அழுத்துவது, பசியை அடக்குவது, அந்த ஊசி. கேண்டீன் ஃபிரிட்ஜை ஒரு நாளைக்கு நூறு முறை திறப்பார்கள் என்பதால் என் அறையின் குட்டி ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டோம். புதன்கிழமை மூன்று மணிக்கு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வருவாள். என் எடை மெஷினில் மட்டும் ஏற மாட்டாள். "கம்பெனி சொத்து, ஒடஞ்சிடப் போவுது," என்பாள். வெங்காய மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "மூட்டையோட மூட்டையா நின்னு பாத்தேன், இவ்ளோ கீது," என்று எண்ணைச் சொல்லுவாள். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

டாக்டர் தெலுங்கில் ஒரு தாள் கொடுத்திருந்தார். அக்காவுக்குத் தெலுங்கு வாயில் சரளமாக வரும், எழுத்து தெரியாது. நான்தான் படித்துச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை சாப்பிட வேண்டும். முட்டை, பருப்பு, மீன், தயிர் தினமும் இருக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். பசி இல்லாவிட்டாலும் வேளை தவறக்கூடாது. அந்தக் கடைசி வரியை நான் சத்தமாகவே படித்தேன்.

"முட்டையும் பருப்பும் எனக்கே சொல்றாரா அவரு? நான் நானூறு பேருக்குப் போட்டுக்கினு கீறேன்!" என்று அவள் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுத் தாளை மடித்து அவள் ஏப்ரன் பையில் வைத்தேன். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன், அடிப்பாவி நான்.

எடை இறங்கியது. வாரத்துக்கு வாரம் இறங்கியது. நான் கைதட்டினேன். நிஜமாகவே தட்டினேன். "சூப்பர்க்கா!" என்று நோட்டில் நட்சத்திரம்கூடப் போட்டேன். கேண்டீனில் அண்டா தூக்குகிற முனிரத்னம், "அக்கா, பாக்கறதுக்கு உன் தங்கச்சி மாதிரி கீற," என்று கிண்டல் செய்தான். வரிசையில் நிற்கிற பெண்கள் என்ன மந்திரம் என்று கேட்டார்கள். ஊசி போடும்போது, "சாப்பிடுறல்லக்கா?" என்று நானும் கேட்கத்தான் செய்தேன். "ஆவுது, ஆவுது," என்பாள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மருந்து அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மாதம் சாம்பாரில் உப்பு ஏறியது.

அக்கா கை உப்பு தப்பினதாக அந்தக் கம்பெனியில் சரித்திரமே கிடையாது. கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு, நக்கி, கூரையைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டுவாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. அப்படிப்பட்ட சாம்பார் ஒரு நாள் உவர்க்கிறது, மறுநாள் சப்பென்று இருக்கிறது. புகார் நோட்டில் மூன்று மொழியிலும் எழுதிவிட்டார்கள். நான் போய், "என்னக்கா, உப்பு சல்லிசாக் கிடைச்சுதா?" என்று கேலி பேசினேன். அவள் சிரிக்கவில்லை. "முனிரத்னத்த ருசி பாக்கச் சொன்னேன். அவன் உப்புக் கண்டம் துன்ற பய, அவன் நாக்குக்கு எது தெரியும்," என்று திரும்பிக்கொண்டாள்.

ஏன் அவனைப் பார்க்கச் சொன்னாய் என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? குழம்பு வாடையே குமட்டுகிறது, ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்க முடியவில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும். வயசாகிறது, கவனம் போகிறது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்?

அவள் விழுந்த அன்று, சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வீட்டில் அம்மை என்று வேப்பிலை கேட்டு வந்த மேஸ்திரி ஒருவருக்கு மரத்தைக் காட்ட நான் கேண்டீன் பின்பக்கம் போயிருந்தேன். சோறு வடிக்கிற நேரம். அண்டாவின் ஒரு காதைத் துணியோடு அக்கா பிடித்திருக்கிறாள், மறு காதை முனிரத்னம். சாய்க்கும்போது அவள் கை விட்டுவிட்டது. கொதிக்கிற கஞ்சி மொத்தமும் சாக்கடைப் பக்கம் பாய்ந்தது. முனிரத்னம் பூட்ஸ் மேல் தெறித்ததோடு சரி, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அவன் "அக்கா!" என்று கத்தினான். அவள் சுவரில் சாய்ந்து, மெதுவாகச் சரிந்து, தரையில் படுத்தாள். என் கண்ணெதிரே.

காய்கறித் தள்ளுவண்டியில் வைத்து என் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். சேலையெல்லாம் வேர்வை. விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தேன், அதல பாதாளத்தில் கிடந்தது. மெஷின் பொய் சொல்கிறது என்று இன்னொரு விரலைக் குத்தினேன். அதே எண். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்! குளுக்கோஸ் ஏற்றினேன். காற்று படட்டும் என்று குல்லாயைக் கழற்றினேன்.

குல்லாயோடு ஒரு துணிச்சுருள் வந்தது. சூடான பாத்திரம் பிடிக்கிற துணி. கொண்டை இருந்த இடத்தில் அதைச் சுருட்டி வைத்து, மேலே குல்லாயைப் போட்டிருந்திருக்கிறாள். தலையில் மிச்சமிருந்தது எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு முடிச்சு. வகிடு இரண்டு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. உதிர்ந்த முடி குல்லாய்க்குள் பந்தாகக் கிடந்தது. நான் என்னை மறந்து, "ஐயோ," என்று கத்திவிட்டேன்.

முனிரத்னம் கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தான். "என்னடா சாப்பிட்டா இவ? இத்தனை நாளா என்ன சாப்பிட்டா?" என்று அவன் மேல் பாய்ந்தேன்.

"எனக்கு எப்பிடி தெரியும் நர்சம்மா? அக்கா எப்பவும் நாங்க போன பின்னாடிதான துன்னும்? ஸ்டோருல டீ கிளாஸும் பிஸ்கட் கவரும்தான் கெடக்கும். டெய்லி ரெண்டு பிஸ்கட்டு."

டீயும் இரண்டு பிஸ்கட்டும். என்னிடம் ஒரே பார்வையில் கண்டுபிடித்தாளே, அதே டீயும் பிஸ்கட்டும். அவள் முகத்தை நாங்கள் நானூறு பேரும் தினம் பார்த்தோம். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அழகாகிவிட்டாய் என்று சொன்னோம்.

ஆம்புலன்ஸில் திருப்பதிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் அவள் கையைத் தூக்கிப் பார்த்தார், தொடையை அழுத்திப் பார்த்தார். கொழுப்போடு சதையும் கரைந்திருக்கிறது, உடம்பில் தண்ணீரே இல்லை என்றார். "தினொத்தனி எவரு செப்பாரம்மா?" என்று அவளிடம் கத்தினார். சாப்பிட வேண்டாமென்று யார் சொன்னது? பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நுவ்வு நர்சேனா?" என்றார். நீ நர்ஸ்தானா? பல வருடம் ஆகிவிட்டது, நானும் இப்போது திருப்பதியிலேயே வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன். அந்தக் கேள்வி காதை விட்டுப் போகவில்லை. யாருக்காவது அந்த ஊசி எழுதினால் முதலில் எடையைக் கேட்பதில்லை, காலையில் தட்டில் என்ன இருந்தது என்றுதான் கேட்கிறேன்.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். ஊசியைச் சில வாரம் நிறுத்திவிட்டுக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பிக்கலாம். ஊசி இல்லையென்றால் முழங்கால் போய்விடும், நிற்கிற வேலையே பார்க்க முடியாது. ஊசி போட்டுக்கொண்டு இப்படிப் பட்டினி கிடந்தால் அடுத்த முறை விழுந்தவள் எழுந்திருக்க மாட்டாள். ஐந்து வேளை சாப்பிடுவாளா, மாட்டாளா? அவ்வளவுதான் விஷயம்.

"ஏங்க்கா இப்படிப் பண்ண?" என்று சலைன் ஏறுகிற கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"நான் இன்னா பண்ணேன்? சனிக்கெழம பெருமாளுக்கு ஒருபொழுது இருப்பேன்ல, அப்பிடியே எல்லா நாளும் சனிக்கெழம ஆயிடுச்சி. மருந்து நல்லா வேல செய்யுதுன்னு நெனச்சேன்." கூரையைப் பார்த்துச் சொன்னாள். "தட்டுல கை வெச்சா எங்கம்மா கேக்குது நர்சம்மா. செத்து இருவது வருசம் ஆவுது, இன்னும் கேக்குது. பசியா ஆசையான்னு. பசி இல்ல. ஆசையும் இல்ல. அப்பால நான் எதுக்குன்னு துன்றது? எடுத்து வெச்சிட்டு வேற யாருக்கானா போட்ருவேன்."

டாக்டர் தாளில் ஐந்து வேளை, முட்டை, பருப்பு எல்லாம் இருந்தது. அவளைக் கேள்வி கேட்கிற இந்த அம்மாக் கிழவி அதில் இல்லை.

"பசின்னா எப்பிடி இருக்கும்னே மறந்துபோச்சிடி," என்றாள். முதல் முறையாக என்னை 'டி' போட்டாள். "க்யூல நிக்கிறவன் மூஞ்சியப் பாக்கறேன், ஒண்ணும் தெரியல. எல்லா மூஞ்சியும் ஒண்ணா கீது. பயமா கீதுடி." அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

அவள் திரும்பி வேலைக்கு வந்ததும் நான் ஒரு சட்டம் போட்டேன். பதினொரு மணிக்கு முட்டை வெந்ததும் முதல் முட்டை அக்காவுக்கு. சாமான் அறையில் இல்லை, சாப்பாட்டுக் கூடத்தில், முதல் மேசையில், என் முன்னால்.

"நான் மொதல்ல துன்றதா? இன்னா பேச்சு பேசற? நாலு பேரு பாத்தா இன்னா நெனப்பான்?"

"பாக்கட்டும்க்கா! யாருமே பாக்காததாலதான் இந்தக் கதி!" என்று கத்தினேன். கேண்டீனே திரும்பிப் பார்த்தது.

முதல் நாள் ஒரு முட்டைக்கு அரை மணி நேரம். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, முக்காடு போடாத குறையாகச் சாப்பிட்டாள். "போடி, நர்சாம் நர்சு," என்று வைவாள். கிண்ணத்தில் கெட்டிப் பருப்பு, ஒரு கை சோறு, தயிர். ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளிப்பாள். "அம்மா கேட்டா என் பேரைச் சொல்லு, நர்சு அடிச்சு ஊட்டினான்னு சொல்லு," என்பேன். எப்படியோ ஐந்து வேளையும் நடந்தது. ஊசியும் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்தது. எடை மெதுவாகத்தான் இறங்கியது. நான் கைதட்டவில்லை.

ஒரு நாள் அடுப்புப் பக்கம் போகிறேன், அக்கா கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டு சாம்பாரை இடது உள்ளங்கையில் விட்டு நக்கினாள். கூரையைப் பார்த்தாள். நாக்கைச் சப்புக்கொட்டினாள். "முனிரத்னம், உப்ப அங்க வெச்சிட்டுப் போ, கிட்ட வராத," என்றாள். நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குச் சில வாரம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "நர்சம்மா, நீ இப்ப சூளூர்பேட்டைலதான ரூம் எடுத்துக்கினு கீற? அங்க நல்ல இறா கெடைக்குமா?"

"மெனுல இறா இல்லியேக்கா?"

"மெனுக்கு இல்ல."

மறுநாள் வாங்கிக்கொண்டு போனேன். எல்லாச் சமையலும் முடிந்த பிறகு ஒரு சின்ன வாணலியில் ஓரமாகத் தொக்கு செய்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. வரிசை வாசல் வரை நின்றது. முனிரத்னம் கரண்டியோடு திகைத்துப்போய் நிற்கிறான், ஏனென்றால் அக்கா முதல் மேசையில் தட்டை வைத்து உட்கார்ந்துவிட்டாள். சுவரைப் பார்த்தல்ல, வரிசையைப் பார்த்து.

வரிசையின் முன்னால் நின்றது அந்தச் சூளூர்பேட்டைப் பெண். குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பியிருந்தாள், நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியாது. தட்டைத் தட்டிக்கொண்டே விளையாட்டாகக் கத்தினாள்: "அக்கா! பசியா, ஆசையா?"

கூடமே சிரித்தது. அக்காவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. போச்சு, எடுத்து வைத்துவிடப் போகிறாள் என்று ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"ஆசைதாண்டி," என்றாள் அக்கா. முதலில் மெதுவாகத்தான். பிறகு அந்தப் பழைய குரல், கூடத்தின் கடைசி வரை கேட்கிற குரல் வந்தது. "இறா மேல ஆசை! பொறந்ததுலேர்ந்து ஆசை. இன்னாங்கிற இப்ப? நில்லுங்க எல்லாரும், துன்ட்டு வரேன்."

வாயில் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கினாள். நானூறு பேரும் தட்டோடு நின்றார்கள், ஒருத்தர்கூட முனகவில்லை. அவள் பாட்டுக்கு ஒவ்வொரு இறாலாகச் சாப்பிட்டுவிட்டு, தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஊன்றிப் பார்த்தாள்.

"நீ இன்னா வாயப் பாத்துக்கினு நிக்கிற? காலைல துன்னல நீ."

உண்மைதான். இறால் வாங்க ஓடியதில் ஒரு டீயோடு பஸ் ஏறியிருந்தேன்.

"தட்ட எடுத்துக்கினு வா," என்றாள், பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டுக்கொண்டே.